பச்சைக்கிளிக்குப் பயணக்கூடும் தூங்கும் கூடும்

வணக்கம். உங்கள் பச்சைக்கிளியை வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மாதாமாதம் பஸ்ஸில் கொண்டுபோகவும் இரவில் தூங்கவைக்கவும் ஒரே சிறு கூடு போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதும். ஆனால் பகலில் கிளி பெரிய கூட்டில்தான் இருக்க வேண்டும்.

வட்டக் கூடு வேண்டாம், சதுரமாக வாங்குங்கள். பச்சைக்கிளியின் நீளம் சுமார் 40 சென்ரிமீற்றர். அதில் பாதிக்கு மேல் வால்தான். வால் மடங்காமல் திரும்ப இடம் வேண்டும். குறுக்குத் தடியை, வால் தரையில் உரசாத அளவுக்கு மட்டும் உயர்த்திக் கட்டுங்கள். ஏ-9 வீதியில் பஸ் சடுதியாக பிரேக் பிடித்தபோது என் கிளி உயரத் தடியிலிருந்து விழுந்து, இரண்டு நாள் ஒரு காலைத் தூக்கியபடியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கொய்யாக் கிளையைப் பட்டையோடு வெட்டித் தாழ்வாகக் கட்டினேன்.

துத்தநாகம் பூசிய மலிவுக் கம்பி வேண்டவே வேண்டாம். கடித்துக் கடித்து உடலில் நஞ்சேறும். பயணத்தில் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பதில் வெள்ளரித் துண்டு வையுங்கள்.

இரவில் மூன்று பக்கமும் பருத்தித் துணியால் மூடி, ஒரு பக்கத்தைக் காற்றுக்கு விடுங்கள். பத்துப் பன்னிரண்டு மணிநேர உறக்கம் அதற்குத் தேவை. திண்ணையில் மட்டும் வைக்காதீர்கள். வன்னியில் பாம்புக்குக் கம்பி இடுக்கே வாசல்.