வேகத்தில் ஸ்கீ நடுங்குகிறதா? 185 செ.மீ. வேண்டாம்

வணக்கம். உயரம் 178 செ.மீ., எடை 82 கிலோ, காலில் 160 செ.மீ. ஸ்கீ (பனிச்சறுக்குப் பலகை), அகன்ற சரிவில் வேகம் கூடினால் முனை படபடக்கிறது, 185 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவ்வளவு தூரம் தாவ வேண்டாம். 170, 175 போதும்.

முதலில் ஸ்கீயின் மேல் அச்சிட்டிருக்கும் ஆரத்தை, அதாவது அது இயல்பாகப் போடும் வளைவு எவ்வளவு பெரியது என்பதைப் பாருங்கள். 12, 13 மீட்டர் என்றால் அது சின்னச் சின்ன வளைவுகளுக்காகச் செய்தது. தட்டையாக வைத்து நேரே விட்டால் முனை இடமும் வலமும் இழுக்கும். நீங்கள் சொல்லும் நடுக்கம் பெரும்பாலும் அதுதான். 16 மீட்டர் அளவில் எடுத்தால் அதே வேகத்தில் அமைதியாகப் போகும். உலகக் கோப்பையில்கூட நெருக்கமான வளைவுகள் கொண்ட ஸ்லாலம் போட்டியில் ஆண்கள் 165 செ.மீ. ஸ்கீயில்தான் வளைகிறார்கள், அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில்லுக்குத்தான் 218.

அப்புறம், முனை மேலெழுந்த ராக்கர் வகை என்றால் பனியைப் பிடிக்கும் விளிம்பு குறையும். அதில் ஐந்து செ.மீ. கூட்டிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் இரண்டு நீளத்தையும் வாடகைக்கு எடுத்து, காலையில் பனி இறுகியிருக்கும்போது ஒரே சரிவில் ஓட்டிப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பு பூட்ஸின் நாக்கில் அழுந்தியே இருக்கட்டும். பின்னால் சாய்ந்தால் எந்த நீளமும் ஆடும். பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கை உங்கள் எடையைச் சொல்லிக் கடையிலேயே அமைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.