காவல் நிலைய சிசிடிவி பதிவு: முதலில் அழியாமல் காப்பாற்றுங்கள்

விசாரணைக்குப் போன உங்கள் தம்பி காயத்தோடு திரும்பியிருக்கிறார், பதிவைக் கேட்டால் "கோர்ட் ஆர்டர் கொண்டு வா" என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே வேதனையாக இருந்தது.

பதிவைப் பார்ப்பது அப்புறம். அது அழியாமல் இருக்க இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள். காவல் நிலையத்தில் தாக்கப்பட்டுத் தந்தையும் மகனும் இறந்த சாத்தான்குளத்தில் 2020இல் என்ன நடந்தது? வன்தட்டில் போதுமான இடம் இருந்தும், பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்ததாக மாஜிஸ்திரேட் அறிக்கை சொன்னது. ஆகவே தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், எந்தெந்தக் கேமரா (வாசல், வராந்தா, லாக்கப், ஆய்வாளர் அறை) என்று குறிப்பிட்டு, ஆய்வாளருக்கும் எஸ்பிக்கும் ஸ்பீட் போஸ்ட்டில், போய்ச் சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி பதிவு செய்து அனுப்புங்கள். பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தந்த தீர்ப்பைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். பதிவை 18 மாதம், வசதியில்லாத இடத்தில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொன்ன தீர்ப்பு அது.

கூடவே பதிவின் நகலைக் கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போடுங்கள். பதில் தர 30 நாள் கெடு. "விசாரணை பாதிக்கும்" என்று அந்தச் சட்டத்தின் 8(1)(ஹெச்) பிரிவைக் காட்டி மறுத்தால், எப்படிப் பாதிக்கும் என்று கேட்டு மேல்முறையீடு செய்யுங்கள். வெறுமனே பிரிவைச் சொன்னால் போதாது.

ஆனால் ஆர்டிஐயை மட்டும் நம்பியிருக்காதீர்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் புகார் அனுப்புங்கள். பதிவை உடனே வரவழைக்க ஆணையத்துக்கு வழி உண்டு என்று அதே தீர்ப்பு சொல்கிறது. தம்பியை அரசு மருத்துவமனையில் காட்டி, காயங்களைப் பதிவு செய்தீர்களா? இல்லையென்றால் இன்றே போங்கள்.