பழைய சாமான்களை மட்டும் வைத்து வீட்டில் மாதிரி ரயில் பாதை அமைக்க முடியுமா?

தாராளமாக முடியும். குன்னூரில் எங்கள் வீட்டுப் பின்னறையில், கல்லாறிலிருந்து ஏறும் நீலகிரி மலை ரயில் பாதையின் ஒரு துண்டை அப்படித்தான் செய்து வைத்திருக்கிறேன். மோட்டார் கிடையாது. நூலைச் சுற்றினால் ரயில் ஏறும்.

முதலில் ஏற்றத்தைச் சரியாகப் பிடியுங்கள். நம் மலை ரயிலில் மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடி போனால் 1 அடி ஏறும். அதே கணக்கில் 180 செ.மீ. பலகையில் 15 செ.மீ. உயர வேண்டும். பழப்பெட்டிச் சட்டங்களே தாங்கும்.

நிஜப் பாதை மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர். அது 87-இல் ஒரு பங்காகச் சுருங்கினால் தண்டவாள இடைவெளி பதினொன்றரை மில்லிமீட்டர். உடைந்த குடைக்கம்பிதான் தண்டவாளம். தீக்குச்சியைப் பாதியாக ஒடித்தால் ஸ்லீப்பர் கட்டை.

ஏற்றத்தில் சறுக்காமல் என்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏற, நடுவில் வரும் பல் தண்டவாளத்துக்குத்தான் நெடுநாள் திணறினேன். நிஜப் பாதையில் இரண்டு பல்பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக நிற்கும். ஒருநாள் தையல்கடையில் கழித்துப் போட்ட பேன்ட் ஜிப்பைப் பார்த்தேன். அதே அமைப்பு! "இத்தனை பழைய ஜிப் எதுக்குங்க?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் ஒரு பை நிறையக் கொடுத்தார். ஜிப்பைப் பிரித்து, அட்டைப் பட்டையின் இருபுறமும் நிறுத்தி ஒட்டுங்கள். பற்கள் மட்டும் அட்டைக்கு மேலே தெரியட்டும். இரண்டு பல்வரிசைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மெழுகு தேய்த்த நூலை ஓட்டினால் வளைவிலும் விலகாது.

நூலை முன்பெட்டியில் கட்டாதீர்கள். பெட்டிகளுக்கு அடியில் கொண்டுபோய்க் கடைசியில் நிற்கும் என்ஜினில் கட்டுங்கள். இங்கே என்ஜின் கீழிருந்து தள்ளித்தான் ஏற்றும். அது மாறினால் நம் ரயிலே இல்லை.

மலைக்குப் பழைய செய்தித்தாளும் மைதாப் பசையும் போதும். நான் ஐப்பசி மழையில் ஒட்டிவிட்டேன். பத்தே நாளில் மலை முழுக்கப் பூஞ்சை. எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு, தை மாத வெயிலில் மறுபடி செய்தேன். இந்தமுறை பசை காய்ச்சும்போதே, புத்தகம் கட்டுகிறவர்கள் போடுவதுபோல பூஞ்சை வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்தேன். விஷம் அது, குழந்தைகள் கைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்ணுக்கு, வடிகட்டிய தேயிலைத் தூளை நன்றாகக் காயவைத்துத் தூவுங்கள். தேயிலைச் செடிக்குப் பழைய மெத்தைப் பஞ்சைக் கிள்ளிப் பச்சை அடித்தால் போதும். வரிசைக்கு நடுவே ஆள் நடக்க இடம் விடுங்கள்.