பக்கவாதத்துக்குப் பிறகு கால் இழுபடுகிறது: தூரமா, முறையா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. மூன்று மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் தளர்ந்துவிட்டது. இப்போது கையைப் பிடித்துக்கொண்டால் நடக்கிறார். ஆனால் வலது காலை வெளிப்பக்கமாகச் சுழற்றி வீசுகிறார், விரல் நுனி தரையில் தட்டுகிறது. தினமும் அதிக தூரம் நடக்க வைத்தால் சரியாகுமா? டிரெட்மில் வாங்கலாமா?

பதில்: டிரெட்மில்லுக்கு இப்போது அவசரமில்லை. 2011-இல் வெளியான லீப்ஸ் என்ற அமெரிக்க ஆய்வில், உடல் எடையைக் கச்சையால் தாங்கி டிரெட்மில்லில் நடந்தவர்களும், வீட்டிலேயே பிசியோதெரபிஸ்ட்டிடம் வலுவுக்கும் சமநிலைக்கும் பயிற்சி எடுத்தவர்களும் ஓராண்டு முடிவில் ஒரே அளவுதான் முன்னேறியிருந்தார்கள்.

அப்பாவுக்குக் கணுக்கால் மேலே தூக்கவில்லை, முட்டியும் போதிய அளவு மடங்கவில்லை. அதனால்தான் இடுப்பை உயர்த்திக் காலைச் சுழற்றுகிறார். இந்த நிலையில் தூரத்தைக் கூட்டினால் அந்தச் சுழற்றல்தான் பழகிப்போகும்.

அவருடைய இடது காலையும் கொஞ்சம் கவனியுங்கள். அவசர அவசரமாகக் கீழே வைக்கிறாரா? அப்படியென்றால் வலது காலில் எடையைத் தாங்க அவருக்கு நம்பிக்கை வரவில்லை. முதல் வேலை அங்கேதான். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, வலது பாதத்தை இன்னும் கொஞ்சம் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். முன்னால் நன்றாகக் குனிந்து எழட்டும். எழ முடியாவிட்டால் உயரமான நாற்காலி போடுங்கள். அது எளிதானதும் உறுதியான மேசையைப் பிடித்தபடி, இடது பாதத்தை மட்டும் ஒரு தாழ்வான படியில் வைத்து எடுக்கச் சொல்லலாம். அந்த நேரம் முழுக்க எடை வலது காலுக்குப் போகும். பக்கத்தில் ஆள் கட்டாயம் நிற்க வேண்டும்.

நடக்கும்போது தளர்ந்த வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தளர்ந்த தோள்மூட்டு எளிதில் இறங்கிவிடும், அப்புறம் வரும் வலி மாதக்கணக்கில் படுத்தும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி, வலது பக்கம் சற்றுப் பின்னால் நின்று அதைப் பிடியுங்கள். தடி இடது கையில் இருக்கட்டும். முதலில் தடி, அடுத்து வலது கால், பிறகு இடது கால். படியேறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில்.

விரல் தட்டுவதற்குக் கணுக்கால் ஸ்பிளின்ட் (பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும் கருவி) உதவும். போட்டால் கால் சோம்பேறியாகிவிடும் என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதைவிட அது எவ்வளவோ தேவலை. பிசியோதெரபிஸ்ட்டிடம் அளவு பார்த்து வாங்குங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள், சிவப்புத் தடம் சீக்கிரம் மறையவில்லையென்றால் சரிசெய்ய வேண்டும். செருப்பு வேண்டாம், குதிகாலை மூடும் ஷூதான் சரி.

ஒரே மூச்சில் நடக்க வைப்பதைவிடச் சிறு சிறு நடையாகப் பல தடவை நல்லது. கால் இழுபடுவது கூடினால் களைத்துவிட்டார் என்று பொருள், உட்கார வையுங்கள். நெஞ்சுவலி, திடீர்ப் பேச்சுக் குளறல், புதிதாகப் பலவீனம், கெண்டைக்காலில் வீக்கமும் வலியும் ஆகியவற்றில் எது வந்தாலும் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.