கணிதமா, இயற்பியலா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கணினி அறிவியலில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த இரண்டு பருவங்களில், பருவத்துக்கு ஒன்றாகத் துறைக்கு வெளியே இரண்டு விருப்பப் பாடங்கள் எடுத்தாக வேண்டும். நுண்கணிதமும் தனிநிலைக் கணிதமும் முடித்துவிட்டேன். பட்டியலில் நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, எண் கோட்பாடு ஆகியவற்றோடு மின்காந்தவியல், புள்ளியியல் இயற்பியல், கணிப்பு இயற்பியல் ஆகியனவும் இருக்கின்றன. நிரல் எழுதப் போகிறவளுக்கு இவற்றில் எதுவும் தேவைப்படாது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பதில்: சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. படிவத்தில் வரும் தகவலைச் சரிபார்த்துத் தரவுத்தளத்தில் சேமிக்கும் செயலிகளை மட்டுமே எழுதுகிற ஒருவர், எண்களைக் கட்டங்களில் அடுக்கிய ஓர் அணியைக்கூட (matrix) பெருக்காமல் ஓய்வு பெற்றுவிடலாம். ஆனால் விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, வேலைக்கு உதவுமா என்று கேட்பதற்கு முன்னால், இதைப் பிறகு தனியாகக் கற்றுக்கொள்ள என்னால் முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். புதிய நிரல்மொழி ஒன்றைச் சில வார மாலைப் பொழுதுகளில் பிடித்துவிடலாம்; தவறு செய்தால், நிரலைக் கணினிக்கு மொழிபெயர்க்கும் தொகுப்பியே (compiler) உடனுக்குடன் சொல்லிவிடும். கணித நிறுவல் (நிரூபணம்) எழுதுவது அப்படியன்று. நாம் எழுதியதை இன்னொருவர் வாங்கிப் படித்து, "நிறுவ வேண்டியதையே மூன்றாம் வரியில் உண்மையென்று எடுத்துக்கொண்டுவிட்டாய்" என்று சுட்டிக்காட்டும்வரை நமக்கு அது தெரியவே தெரியாது.

அந்த வகையில், முதல் இடத்துக்கு, அணிகளைப் பற்றிய பாடமான நேரியல் இயற்கணிதத்தைத் தயங்காமல் எழுதிக்கொள்ளுங்கள். செயற்கை நுண்ணறிவில் பயன்படும் நரம்பியல் வலையமைப்புகளின் கணக்கு வேலையில் பெரும்பங்கு அணிப் பெருக்கல்தான் என்பதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் வேறோர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். முப்பரிமாணப் பொருளொன்றைத் திரையில் சுழற்றவும் பெரிதாக்கவும் 3×3 அணி போதும். நகர்த்துவதற்கு மட்டும் அது உதவாது. ஏனென்றால் எந்த 3×3 அணியால் பெருக்கினாலும் ஆதிப்புள்ளி (0, 0, 0) இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்காகத்தான் ஒவ்வொரு புள்ளியோடும் 1 என்ற நான்காம் எண்ணை ஒட்டிவிட்டு, 4×4 அணிகளைப் பயன்படுத்துகிறார்கள். அப்போது நகர்த்தலும் ஒரு பெருக்கலாகிவிடுகிறது. வரைகலை நூலகங்களில் அந்த நான்காம் எண்ணைக் கண்டு விழித்தவர்களுக்கு, இந்தப் பாடத்தின் சில வாரங்களிலேயே தெளிவு கிடைத்துவிடும்.

இரண்டாவது இடம்தான் யோசிக்க வேண்டியது. நிகழ்தகவு உங்கள் கட்டாயப் பாடங்களில் எங்குமே வரவில்லை என்றால் அதையே எடுங்கள். 23 பேர் இருக்கும் அறையில் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக அமையும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும் என்பது பழைய வேடிக்கைக் கணக்கு. அதே கணக்கின்படி, 64 பிட் அடையாள எண்களைத் தற்செயலாக வழங்கிக்கொண்டே போனால், சுமார் 500 கோடி எண்களை வழங்கி முடிப்பதற்குள் ஒரே எண் இருமுறை வந்து மோதிக்கொள்ளும் வாய்ப்பு பாதியை எட்டிவிடும். 64 பிட் என்றால் தீரவே தீராது என்று நம்பி வடிவமைப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இராது.

நிகழ்தகவு ஏற்கெனவே கட்டாயப் பாடமாக இருந்தால், இயற்பியல் பக்கம் வாருங்கள். அதிலும், இயற்பியலைக் கணினியில் கணக்கிடும் கணிப்பு இயற்பியலுக்கு என் வாக்கு. சூரியனைச் சுற்றும் ஒரு கோளுக்கு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பழைய திசைவேகத்தைக் கொண்டு புதிய இடத்தையும், பழைய இடத்தின் ஈர்ப்பைக் கொண்டு புதிய திசைவேகத்தையும் கணக்கிடுவது யாருக்கும் முதலில் தோன்றும் வழி. நிரல் ஓடும், ஆனால் கோள் ஒவ்வொரு சுற்றிலும் சற்றே விலகி, சுருளாக வெளியேறிக்கொண்டே இருக்கும். இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: திசைவேகத்தை முதலில் புதுப்பித்துவிட்டு, அந்தப் புதிய திசைவேகத்தால் கோளை நகர்த்துங்கள். நேர இடைவெளி போதிய அளவு சிறியதாக இருந்தால், மொத்த ஆற்றல் ஒரு குறுகிய எல்லைக்குள் ஏறி இறங்குமே தவிர, கூடிக்கொண்டே போகாது, கோளும் ஓடிவிடாது. முதல் நிரலில் தட்டச்சுப் பிழை ஏதும் இல்லை, தொகுப்பியும் வாய் திறக்கவில்லை. தவறைக் காட்டிக்கொடுத்தது ஆற்றல் அழிவின்மை விதி. நிரலுக்கு வெளியே நின்று தீர்ப்புச் சொல்லும் இப்படியொரு சாட்சியைத் தேடும் பழக்கம் கணினி வகுப்புகளில் அரிதாகவே வாய்க்கிறது.

புள்ளியியல் இயற்பியலும் நல்ல தேர்வுதான். தற்செயல் எண்களைக் கொண்டு மாதிரி எடுத்துக் கணக்கிடும் மெட்ரோபோலிஸ் வழிமுறை, 1953-இல் வெளிவந்தது; அது இயற்பியல் கணக்குகளுக்காகப் பிறந்தது. 2024-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு, இந்தத் துறையின் கருத்துகளைக் கொண்டு நரம்பியல் வலையமைப்புகளுக்கு வழிவகுத்த பணிகளுக்காக ஹாப்ஃபீல்டுக்கும் ஹிண்டனுக்கும் வழங்கப்பட்டது. ஆனால் இயற்பியல் மாணவர்களுக்கென்று வகுக்கப்பட்ட பாடமாக இருந்தால் இயக்கவியல் அடிப்படை வேண்டியிருக்கும், சேருமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். வன்பொருளில் நாட்டம் இல்லையென்றால் மின்காந்தவியலை விட்டுவிடலாம். எண் கோட்பாடு குறியாக்கவியலுக்குப் போகிறவர்களுக்கு உரியது. மற்றவர்கள் அதன் அழகுக்காகப் படிக்கலாம், அதுவும் தவறில்லை.

ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். பாடத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காமல், சென்ற ஆண்டின் பயிற்சித் தாள்களை வாங்கி ஒரு மாலை உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். விடை வராவிட்டாலும் பரவாயில்லை. விடாமல் திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: குவாண்டம் கணினியில் ஆர்வம் இருக்கிறது. குவாண்டம் இயக்கவியல் பாடத்தை எடுத்தே ஆக வேண்டுமா?

பதில்: கருவியை உருவாக்கப் போகிறீர்களா, வழிமுறைகளை எழுதப் போகிறீர்களா என்பதைப் பொறுத்தது. ஒரு குவாண்டம் பிட் என்பது கணித அளவில் இரண்டு சிக்கலெண்கள் கொண்ட திசையன். அவற்றின் மட்டுமதிப்புகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 1 வரும். அதன்மேல் நடக்கும் செயல்கள் அணிகள். பெரிய எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும், கணிதவியலாளர் பீட்டர் ஷோரின் 1994-ஆம் ஆண்டுக் குவாண்டம் வழிமுறையைப் புரிந்துகொள்ள நேரியல் இயற்கணிதமும் சிறிது எண் கோட்பாடும் வேண்டும். ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் நிலைகளைக் கணக்கிடத் தெரிய வேண்டியதில்லை. வழக்கமான குவாண்டம் இயக்கவியல் வகுப்பில் பல வாரங்கள் அந்த அணுவுக்கும் அலைச்சமன்பாட்டுக்குமே போய்விடும். ஆய்வகத்தில் நின்று கருவியைத் தொட விரும்புகிறவருக்கு அந்த வாரங்கள் வீண் அல்ல.

கேள்வி: கடினமான கணிதப் பாடத்தை எடுத்தால் சராசரி மதிப்பெண் சரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: சரியக்கூடும். இயக்க முறைமை போன்ற, ஆய்வக வேலை மிகுந்த பாடம் வரும் பருவத்தில் அதை எடுக்காதீர்கள். தேர்ச்சியை மட்டும் பதிவு செய்யும் வசதி உங்கள் கல்லூரியில் இருந்தால், அதை இந்தப் பாடத்துக்குப் பயன்படுத்துங்கள். முதல் மாதத்தில் எழுதும் நிறுவல்கள் திருத்தக் குறிகளோடு திரும்பி வருவது வழக்கம். அதை வைத்துப் பாடத்தைக் கைவிட வேண்டாம். இரண்டாம் மாதமும் அப்படியே வந்தால் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.