ரிமோட் கார் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

டாமியா கம்பெனியின் டிடி-02 ரிமோட் கார் கிட் வாங்கிப் பூட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கூட வந்த 540 மோட்டாரைக் கழற்றிவிட்டு பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார்) போட வேண்டும் என்று ஆசை. எத்தனை கேவி வாங்கலாம்?
– கல்லூரி மாணவர், திருச்சி

கேவி கணக்குக்கு அப்புறம் வருவோம் தம்பி. முதலில் ஒரு பின்சக்கரத்தைக் கழற்றி, ஆக்ஸில் நுழையும் துளையைப் பாருங்கள். அடிப்படைக் கிட்டில் பேரிங்குக்குப் பதில் குண்டு இல்லாத வெறும் வளையமான புஷ்தான் கொடுப்பார்கள். மண்ணில் கொஞ்ச நாள் ஓடிய வண்டி என்றால் அந்தப் புஷ்ஷைச் சுற்றிக் கறுப்பாக மாவு படிந்திருக்கும். வட்டமாக இருந்த துளை லேசாக நீள்வட்டமாகி, ஆக்ஸிலை ஆட்டினால் ‘டக் டக்’ என்று ஆடும். அந்த ஆட்டத்தோடு பிரஷ்லெஸ் போட்டால் கூடுதல் சக்தியில் ஒரு பங்கு உரசலுக்கே போய்விடும். கியர் பற்களும் சரியாகக் கடிக்காமல் தேயும்.

டிடி-02க்கு மொத்தம் 16 பேரிங். 11×5 மி.மீ. அளவில் 12, 15×10 மி.மீ. அளவில் 4. இரு பக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். தகரத் தட்டு மூடியது கொஞ்சம் லேசாகச் சுற்றும், ஆனால் நம்மூர்ப் புழுதி உள்ளே போய்விடும். மாற்றிய பிறகு சக்கரத்தை விரலால் சுண்டிப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே கேட்கும். அதே மோட்டார், அதே பேட்டரி, ஓட்டம் மட்டும் கூடும்.

அடுத்தது ஷாக். கிட்டில் வருவதில் எண்ணெய் கிடையாது, வெறும் உரசல்தான். எண்ணெய் ஷாக் போட்டால் வண்டி துள்ளாது, டயர் தரையை விடாது. மோட்டார் அதற்குப் பிறகு. கேவி என்றால் ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாமல், எத்தனை சுற்று என்பது. 3300 கேவி மோட்டாரை 7.4 வோல்ட்டில் ஓட்டினால் நிமிடத்துக்குச் சுமார் 24,400 சுற்று. அவ்வளவு வேக மோட்டார் போட்டால் நடுவில் ஓடும் பிளாஸ்டிக் புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும். அலுமினிய ஷாஃப்டையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

எல்லா பிளாஸ்டிக் பாகங்களையும் அலுமினியத்தில் மாற்றினால் கார் உடையவே உடையாதுதானே? நீல நிறத்தில் முழு செட்டாகவே விற்கிறார்கள்.
– கோவை வாசகர்

அந்த நீல செட்டை வாங்கிய கார்கள் என் மேசைக்கு நிறைய வருகின்றன. பார்க்க ஷோகேஸ் பொம்மை மாதிரி இருக்கும், ஓடாது!

முன்சக்கரம் சுவரில் மோதுகிறது என்று வையுங்கள். அந்த அடி டயரில் தொடங்கி ஹப், சஸ்பென்ஷன் ஆர்ம், அதைக் கோத்திருக்கும் ‘பின்’ என்ற கம்பி, பிறகு வண்டியின் உடலான சேஸிஸ் என்று வரிசையாக உள்ளே போகிறது. நைலான் ஆர்ம் வளைந்து கொடுத்து அடியில் பாதியை வாங்கிக்கொண்டு திரும்ப நேராகிவிடும். அடி பலமாக இருந்தால் உடையும். உடைந்தால் சில நூறு ரூபாய், நாலு ஸ்க்ரூ, அரைமணி நேர வேலை. அலுமினிய ஆர்ம் வளைந்து கொடுக்காது. அடியை அப்படியே அடுத்த பாகத்துக்குத் தள்ளிவிடும். அந்தப் ‘பின்’ கம்பி கோணலாகும், இல்லையென்றால் ஆர்மைப் பிடித்திருக்கும் சேஸிஸ் மூலையே பிய்ந்து வரும். அதோடு, வளைந்த அலுமினியம் வளைந்தபடியே நிற்கும். வண்டி ஒரு பக்கமாக இழுக்கும், காரணம் கண்ணுக்குத் தெரியாது.

அதனால் ஆர்ம், பம்பர் இரண்டும் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். கெட்டியானது வேண்டுமென்றால் ஆர்பிஎம் போன்ற கம்பெனிகள் தடித்த நைலானில் செய்கிற ஆர்ம் இருக்கிறது, உங்கள் மாடலுக்குக் கிடைக்கிறதா பாருங்கள். அலுமினியம் மூன்று இடத்தில் லாபம். மோட்டார் மவுண்ட், அது சூட்டை இழுத்து வெளியே விடும். ஸ்டீயரிங் லிங்க், அதன் ஆட்டம் குறைந்தால் வண்டி நேராகப் போகும். பிறகு சக்கரம் உட்காரும் 12 மி.மீ. அறுகோணத் துண்டான ஹெக்ஸ். மோட்டார் பலமாகும்போது பிளாஸ்டிக் ஹெக்ஸின் மூலைகள் மழுங்கி, ஆக்ஸில் சுற்றும், சக்கரம் நிற்கும். உங்கள் ஊர் லேத் பட்டறையில் ஒரு மாதிரியைக் கொடுத்தாலே கடைந்து தருவார்கள்.

2 செல் லைபோ பேட்டரியில் ஓடும் காருக்கு 3 செல் போட்டால் வேகம் கூடுமா?
– பெயர் வேண்டாம் என்றவர், மதுரை

கூடும். ஒன்றரை மடங்கு வேகத்துக்குப் போக, காற்றைக் கிழிக்க மட்டுமே மூன்று மடங்குக்கு மேல் சக்தி வேண்டும். அதை மோட்டாரும், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சியும்தான் சூடாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஈஎஸ்சியின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படியுங்கள். ‘2எஸ்’ (இரண்டு செல்) என்று மட்டும் இருந்தால் பேச்சே இல்லை. ‘2-3எஸ்’ என்று இருந்தால் மோட்டார் முனையில் இருக்கும் சின்ன கியரான பினியனை இரண்டு, மூன்று பல் சிறிதாக்கிவிட்டு, ஐந்து நிமிடம் ஓட்டி, மோட்டார் மேல் விரல் வையுங்கள். வைத்த விரலை உடனே இழுக்க வேண்டியிருந்தால் பினியன் இன்னும் பெரிது.

பேட்டரி கனெக்டர் பழுப்பாகி உருகியிருக்கிறது. அதையே மாற்றலாமா?
– தஞ்சாவூர்

அந்த வெள்ளை டாமியா கனெக்டர் பெரிய கரண்டுக்கு வந்ததல்ல. எக்ஸ்டி-60 கனெக்டர் போடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கொட்டிக் கிடக்கிறது. பேட்டரி பக்கம் வேலை செய்யும்போது இரண்டு ஒயரையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள், கட்டர் வழியாகவே ஷார்ட் ஆகும். சிவப்பை வெட்டி, சூட்டில் சுருங்கும் ஸ்லீவை ஒயரில் முதலிலேயே கோத்து, சால்டர் வைத்து, ஸ்லீவை மேலே இழுத்துச் சுட்டு மூடிய பிறகுதான் கறுப்பில் கை வைக்க வேண்டும். ஸ்லீவைக் கோக்க மறந்து சால்டர் வைத்துவிட்டு எனக்கு போன் செய்கிறவர்கள் அதிகம்.

பத்தாவது படிக்கும் மகன் ‘அப்கிரேட்’ என்று மாதாமாதம் பணம் கேட்கிறான். எதற்குக் கொடுப்பது, எதற்கு மறுப்பது?
– ஒரு தாய், நாகர்கோவில்

உடைந்த பாகத்தைக் கையில் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள் அம்மா. காட்டினால் கொடுங்கள். பேரிங், டயர், நல்ல ஸ்க்ரூடிரைவர் கேட்டாலும் கொடுக்கலாம். பையன் சரியான வழியில்தான் போகிறான். லைபோ கேட்டால் கூடவே செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜரும் தீப்பிடிக்காத பையும் வாங்க வேண்டும். ஆள் இல்லாத வீட்டில் சார்ஜ் போடக்கூடாது என்பதை எழுதியே ஒட்டிவிடுங்கள். எல்இடி விளக்கு கேட்டால் அவன் சேமிப்பில் வாங்கட்டும்.

மோட்டார் ஸ்க்ரூ அடிக்கடி லூசாகிறது.
– வேலூர்

உலோகத்தில் உலோகம் ஏறும் இடத்தில் மட்டும் நீல நிற த்ரெட்லாக் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் ஏறும் ஸ்க்ரூவுக்கு வேண்டாம், சில பிளாஸ்டிக் அதில் வெடித்துவிடும். ஸ்டார் தலை மழுங்கியிருந்தால் ஸ்க்ரூவைக் குறை சொல்லாதீர்கள். டாமியா ஸ்க்ரூக்கள் ஜப்பானிய ஜேஐஎஸ் அளவு, அதற்கான டிரைவர் தனி.