வாக்குவம் கிளீனர்: யுரேகா ஃபோர்ப்ஸா, கார்ச்சரா, டைசனா?

குளச்சல் பக்கம் வீடு, இந்த மூன்றில் எது தரம், எதை ரிப்பேர் பார்க்கலாம், எது பிறகு விலை போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் கரையோரத்துக்கு நான் கார்ச்சரின் டிரம் வகையைத்தான் சொல்வேன். ஈரத்தையும் தூசியையும் ஒன்றாக இழுக்கும். மணவாளக்குறிச்சி கருமணலில் இல்மனைட் என்ற கனமான தாது இருப்பதால் அது சாதாரண மணலைவிடக் கனம். நல்ல இழுவிசை இல்லாவிட்டால் தரையோடு கிடக்கும்.

ரிப்பேர்தான் முக்கியம். வயர் வைத்த மெஷின்களில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் மோட்டார். மோட்டாரின் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டுகள்தான் இந்தப் பிரஷ், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். என் பழைய மெஷின் எரிந்த வாடை அடித்து நின்றபோது, வடசேரியில் காயில் கட்டும் அண்ணன் கழற்றிக் காட்டினார்: பிரஷ் இரண்டும் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தன. வேறொரு பிரஷை உப்புத்தாளில் உரசி அளவாக்கிப் போட்டார். அரை மணி நேரத்தில் ஓடியது.

டைசனின் கம்பியில்லா மாடல்கள் அருமையான தயாரிப்பு, மறுக்கவில்லை. ஆனால் மோட்டாரில் பிரஷே கிடையாது. பழுதானால் கம்பெனி சர்வீஸ்தான். லித்தியம் பேட்டரியும் ஆண்டுக்காண்டு தளரும். பழையது வாங்க வருபவர் முதலில் கேட்பதே பேட்டரி சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்றுதான்.

யுரேகா ஃபோர்ப்ஸ் 1980களிலிருந்து வீடு வீடாக விற்ற பெயர். அறிமுகமான பெயர் என்பதால் கைமாற்றுவது எளிது.

அப்புறம், எதை வாங்கினாலும் ஃபில்டரைக் கழுவினால் நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். பில்லையும் பத்திரமாக வையுங்கள், விற்கும்போது கேட்பார்கள்.